இன்ஸ்டா கணக்கு பறிபோனால் முதல் நாளில் என்ன செய்ய வேண்டும்: எனக்கு நடந்தது

2024 ஆவணியில் என் இன்ஸ்டாகிராம் பக்கத்தை ஒருவன் பிடுங்கிக்கொண்டான். என் பெயரிலேயே என் அத்தானிடமும், காலேஜில் என்னை அக்கா அக்கா என்று சுற்றிவரும் ஒரு பிள்ளையிடமும், கல்யாணத்துக்குப் பாய் நெய்து தரச் சொல்லியிருந்த வாடிக்கையாளரிடமும் பணம் கேட்டு வாங்கினான். அந்த நேரத்தில் என்ன செய்யலாம், யாரைக் கூப்பிடலாம் என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை. அதனால் நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன். நம்ம பக்கத்துப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்துவிட்டு முதல் ஒரு மணி நேரத்தை வீணாக்காமல் இருந்தால் அது போதும் எனக்கு.

எனக்கு ஊர் சேரன்மகாதேவி. பாளையங்கோட்டையில் எம்.காம். படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஊரான பத்தமடையில் பாய் நெய்கிற அக்கா ஒருவர் எங்கள் வீட்டுக்கு நெடுநாள் பழக்கம். கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, முடி மாதிரி கிழித்து, பருத்தி நூல் பாவில் நெய்வார். பொண்ணு பெயரும் மாப்பிள்ளை பெயரும் கல்யாணத் தேதியும் பாயிலேயே வரும்படி நெய்து கொடுப்பார். கடைக்காரர்கள் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள் என்று அக்கா ஒருநாள் வருத்தப்பட்டதால் அவருக்காக நான் ஒரு பக்கம் தொடங்கினேன். பாயை மடியில் விரித்துப் போட்டு, எழுத்து விழுகிற இடத்தைக் கிட்டத்தில் வீடியோ எடுத்துப் போட்டால் நிறையப் பேர் பார்த்தார்கள். வீட்டில் முதலிலேயே ஒரு கட்டளை: முகத்தைப் போடக்கூடாது. நானும் போடவில்லை. ஆனால் கணக்கு ஒன்றுதான். வியாபாரமும் அதில்தான், தோழிகளோடு அரட்டையும் அதில்தான். ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்காக ஆதாரையும் பாஸ்புக் முதல் பக்கத்தையும் படம் எடுத்து ஒரு தோழிக்கு அனுப்பியதும், குற்றாலத்தில் எடுத்த படங்களும் அதே சாட்டில்தான் கிடந்தன. என் வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேர் கணக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போது பழைய வகுப்புத் தோழி ஒருத்தியின் கணக்கிலிருந்து செய்தி வந்தது. "ஏட்டி, புது போன் வாங்கிருக்கேன், இன்ஸ்டா உள்ள போகமாட்டேங்கு. ரெண்டு பேர் ஹெல்ப் பண்ணணுமாம். உன் நம்பருக்கு ஒரு லிங்க் வரும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பு, லிங்க்கை அழுத்திராத." என்னை ஏட்டி என்று கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான். லிங்க்கும் நிஜமாகவே வந்தது, இன்ஸ்டாகிராம் பெயரிலேயே வந்தது. அனுப்பினேன். பஸ்ஸில் வீரவநல்லூர்ப் பக்கம் போகிறவர்கள் இறங்கி ஏறுவதற்குள், நான் என் கணக்கிலிருந்து வெளியே தள்ளப்பட்டிருந்தேன்.

இந்தத் தந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பது பின்னால்தான் புரிந்தது. அவன் என் பயனர் பெயரைப் போட்டு, கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தியிருக்கிறான். அதனால் இன்ஸ்டாகிராம் உண்மையாகவே என் நம்பருக்கு மாற்று லிங்க் அனுப்பியது. வந்த செய்தி போலி இல்லை, அது போய்ச்சேர்ந்த கைதான் தப்பு. ஸ்கிரீன்ஷாட்டில் தெரிந்த எழுத்துகளை அவன் தன் போனில் தட்டினால் போதும், கடவுச்சொல்லை மாற்றுகிற பக்கம் திறந்துவிடும். லிங்க்கை அழுத்தாதே என்று அவன் சொன்னதுகூட என் மேல் உள்ள அக்கறையால் இல்லை. நான் முதலில் பயன்படுத்திவிட்டால் அவனுக்குப் பலிக்காது என்பதால்தான். எனவே உங்கள் போனுக்கு வருகிற எந்த எண்ணும், எந்த லிங்க்கும், படமாகக்கூட வேறு ஒருவருக்குப் போகக்கூடாது. இன்னொருவர் கணக்கைத் திறக்க உங்கள் நம்பருக்கு லிங்க் வரும் என்று யார் சொன்னாலும், திறக்கப்போவது உங்கள் கணக்குதான். அடுத்தது, ஏட்டி என்கிற அந்தச் சொல். அவளுடைய கணக்குக்குள் புகுந்தவன் எங்கள் பழைய அரட்டையைப் படித்திருக்கிறான். யார் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள், யார் எதற்கு இரங்குவார்கள் எல்லாம் அதில் இருக்கிறதே. எழுத்து நடையைப் பார்த்து, இது அவளேதான் என்று முடிவு செய்வதற்கு இனி வழி இல்லை. குரலில் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும்.

அன்று ராத்திரி அவளைக் கூப்பிட்டேன். எடுத்ததும் அழுதாள். அவள் கணக்கு போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. யாருக்கும் சொல்லவில்லை. "எங்க வீட்ல தெரிஞ்சா போனைப் பிடுங்கிருவாவட்டி" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் அந்த நிமிஷத்தில் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் சொந்தத்தில் ஒரு அக்காவின் படத்தை யாரோ போலிக் கணக்கில் போட்டதற்கு, அவள் போனைப் பிடுங்கி, படிப்பை நிறுத்தி, அடுத்த தையிலேயே கல்யாணத்தையும் முடித்துவிட்டார்கள். தப்பு செய்தவன் யார் என்று அந்த வீட்டில் யாரும் தேடவே இல்லை. இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வாயைத் திறக்குமா? நானும் திறக்கவில்லை. அந்த ராத்திரி என் பக்கத்தில், பத்தாயிரம் போட்டேன் எண்பதாயிரம் வந்தது என்று பேங்க் மெசேஜ் படத்தோடு ஸ்டோரி ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் போனில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். காலேஜ் பிள்ளை 5,000 ரூபாய் அனுப்பியது அந்த ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான். ஹாஸ்டல் மெஸ்ஸுக்குக் கட்ட வைத்திருந்த பணம். என் தோழி சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன், நான் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை தப்பித்திருக்கும். இந்தத் திருடர்களுக்கு முதலீடே நம்முடைய பயம்தான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண்பிள்ளை வாயை மூடிக்கொண்டிருப்பாள் என்கிற நம்பிக்கையில்தான் அடுத்த ஆளிடம் போகிறார்கள்.

ஆகவே கணக்கு போனது தெரிந்த உடனே செய்ய வேண்டியது, கணக்கை மீட்பது இல்லை. ஊருக்குச் சொல்வது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், குடும்ப குரூப், வகுப்பு குரூப், ஹாஸ்டல் குரூப் எல்லாவற்றிலும் ஒரே வரி: என் இன்ஸ்டா என் கையில் இல்லை, என் பெயரில் யார் பணம் கேட்டாலும், லிங்க் கேட்டாலும் கொடுக்காதீர்கள். எழுதினால் மட்டும் போதாது, குரலிலும் சொல்லி அனுப்புங்கள். எழுத்தை அவனும் எழுதுவான். அப்படியே உங்கள் நண்பர்களை அந்தக் கணக்கைப் பார்த்து ரிப்போர்ட் செய்யச் சொல்லுங்கள். இதற்கு ஐந்து நிமிஷம் போதும்.

நான் அந்த நேரத்தில் செய்தது வேறு. இணையத்தில் மீட்பதற்கு வழி தேடினேன். ஒரு வீடியோவின் கீழே, இன்னார் என் கணக்கை அரை மணி நேரத்தில் மீட்டுக் கொடுத்தார் என்று பல பேர் எழுதியிருந்தார்கள். அந்த இன்னாருக்குச் செய்தி அனுப்பினேன். நிதானமாகப் பேசினான். முதலில் 2,500 கேட்டான், கொடுத்தேன். அப்புறம் சர்வர் கட்டணம் என்று 3,000. அதையும் கொடுத்தேன். அதற்குப் பிறகு இன்னும் 4,000 கேட்டபோதுதான் நிறுத்தினேன். ராத்திரி இரண்டு மணிக்கு, தனியாக, கை நடுங்க இருக்கிற ஒருத்தியிடம் யார் உதவி என்று சொல்லி வந்தாலும் அவள் பிடித்துக்கொள்வாள். அது அவர்களுக்கும் தெரியும். கணக்கை மீட்டுத் தருகிறேன் என்று பணம் கேட்கிற எவனும் இரண்டாவது திருடன். இன்ஸ்டாகிராம் மீட்பதற்குக் காசு கேட்பதில்லை. அவர்களுடைய தளத்திலேயே ஹேக்ட் என்று ஒரு பக்கம் இருக்கிறது. முகவரிப் பட்டையில் இன்ஸ்டாகிராம் டாட் காம், சாய்கோடு, ஹேக்ட் என்று தட்டினால் திறக்கும். அதுதான் வாசல்.

காலையில் அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் அப்பாவிடம் சொன்னான். அப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அவர் கெட்டவர் இல்லை. பாம்பு கடித்த இடத்தைக் கட்டுவதாக நினைத்துத்தான் அதைச் செய்தார். ஆனால் அந்த பீரோவுக்குள்தான் எல்லாம் இருந்தது. கணக்கின் மின்னஞ்சல் முகவரியை யாராவது மாற்றினால், பழைய முகவரிக்கு இன்ஸ்டாகிராம் ஒரு கடிதம் அனுப்பும். இதைச் செய்தது நீங்கள் இல்லை என்றால் இங்கே அழுத்துங்கள் என்று அதில் இருக்கும். அந்த மெயில் பூட்டிய போனுக்குள் வந்து கிடந்தது. பேங்க்கிலிருந்து வருகிற ஓடிபி, மோசடிக்காரர்கள் பேசிய சாட், அவர்களுக்கு அனுப்பிய பணத்தின் ரசீது எல்லாம் அதற்குள்தான். அண்ணனுடைய லேப்டாப்பில் மெயிலைத் திறக்கப் பார்த்தேன். பிளஸ் டூ முடித்து விண்ணப்பம் போட்டபோது பிரவுசிங் சென்டர்க்காரர் உருவாக்கிக் கொடுத்த மெயில் அது. மீட்பு எண் என்று அம்மாவின் பழைய சிம்மைப் போட்டிருந்தார். அந்த சிம் ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போய் வருஷம் ஆகிறது. உள்ளே நுழைய முடியவில்லை.

இதைப் படிக்கிற பெற்றோர் யாராவது இருந்தால் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை வந்து சொன்னால் போனைப் பிடுங்காதீர்கள். கோபப்படுங்கள், ஏசுங்கள், ஆனால் போன் அந்தப் பிள்ளையின் கையில் இருக்கட்டும், பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். அதுதான் சாட்சி, அதுதான் சாவி. படிக்கிற பிள்ளைகளுக்கு: உங்கள் இன்ஸ்டாவுக்கு அடியில் எந்த மெயில் இருக்கிறது, அந்த மெயிலுக்கு அடியில் யாருடைய நம்பர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். காலேஜ் வாசலில் குடை விரித்து விற்ற சிம், அண்ணன் நம்பர், செத்துப்போன நம்பர், இப்படித்தான் இருக்கும். பயன்படுத்தாமல் விட்ட நம்பரைக் கம்பெனி கொஞ்ச காலம் கழித்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். அப்புறம் உங்கள் மெயிலை மீட்க வருகிற ஓடிபி அவருக்குப் போகும். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உங்களுடையது இல்லாத எண் இருந்தால் அங்கேயே சொல்லி நிறுத்தலாம்.

அன்று மத்தியானம் தென்காசியிலிருந்து ஒரு அண்ணன், தங்கை கல்யாணத்துக்குப் பாய் சொல்லியிருந்தவர், மீதிப் பணம் 6,000 ரூபாயை என் பக்கத்திலிருந்து வந்த கியூஆருக்கு அனுப்பியிருக்கிறார். அனுப்பிய பிறகு பார்த்தால் பெறுபவர் பெயர் ஏதோ வடக்கத்திப் பெயர். அவர் இ-சேவை மையத்தில் வேலை பார்ப்பவர், விவரம் தெரிந்தவர். என் போன் எடுக்கப்படவில்லை என்றதும் பழைய பில்லில் இருந்த பாய்க்கார அக்காவின் நம்பரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் நிற்கவில்லை, உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போட்டுவிட்டார். அனுப்பி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அவர் பணம் போய்ச்சேர்ந்த கணக்கிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது.

அக்கா சாயங்காலம் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். நான் சொல்லச் சொல்ல அக்கா கேட்டுவிட்டு அப்பாவைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்க போனைப் பூட்டிட்டிய. அவன் கையை யாரு பூட்டுவா? என் பாயைக் காட்டில்லா அவன் துட்டு வாங்குதான்" என்றார். அப்பா எழுந்து போய் பீரோவைத் திறந்தார். மெயிலில் இருந்த, இதைச் செய்தது நான் இல்லை என்கிற அந்த லிங்க்கை அழுத்தினோம், பலிக்கவில்லை. அதற்குள் அவன், கடவுச்சொல்லோடு இன்னொரு எண்ணையும் கேட்கிற இரண்டடுக்குப் பாதுகாப்பையும் தன் போனில் போட்டுக்கொண்டிருந்தான். நாம் போட்டிருக்க வேண்டிய பூட்டை அவன் போட்டுவிட்டான்.

அத்தான் கதைதான் எனக்கு இன்றுவரை தாங்க முடியாதது. திருப்பூரில் வேலை பார்க்கிறார். "அத்தான், அவசரம், வீட்ல யாருக்கும் தெரியாண்டாம், நாளைக்கே தாரேன்" என்று செய்தி போயிருக்கிறது. என்ன கஷ்டமோ பிள்ளைக்கு, கூப்பிட்டுக் கேட்டால் கூச்சப்படும் என்று நினைத்து 15,000 அனுப்பியிருக்கிறார். யாரிடமும் சொல்லவும் இல்லை, ஏனென்றால் சொல்லாதே என்று நான் கேட்டுக்கொண்டதாக அவர் நினைத்தார். இரண்டு நாள் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. அப்புறம் 1930-க்குக் கூப்பிட்டபோது பணம் இரண்டு மூன்று கணக்கு தாண்டி, ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிட்டது. தென்காசி அண்ணனுக்கும் அத்தானுக்கும் நடந்தது ஒரே மோசடி. ஒருவர் உடனே கூப்பிட்டார், ஒருவர் பாசத்தால் பேசாமல் இருந்தார். யாருக்கும் சொல்லாதே என்கிற வார்த்தை பணம் கேட்கிற செய்தியில் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, அந்த ஆளைக் குரலில் கூப்பிடுங்கள். இப்போது எங்கள் குடும்பத்தில் அதுதான் ஏற்பாடு. நூறு ரூபாயாக இருந்தாலும் பேசாமல் அனுப்புவதில்லை. யாரும் இதில் வருத்தப்படவும் கூடாது என்று பெரியவர்கள் முன்னால் பேசி வைத்திருக்கிறோம்.

1930 பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேருக்கு இந்த எண்ணே தெரியாது. இது நாடு முழுக்க உள்ள சைபர் நிதி மோசடி உதவி எண். 2021-ல் 155260 என்று தொடங்கி அப்புறம் 1930 ஆனது. கூப்பிட வேண்டியது பணம் அனுப்பியவர். என் பெயரில் மோசடி நடந்தாலும், அத்தான் பணத்துக்கு அத்தான்தான் கூப்பிட வேண்டும். உங்கள் பேங்க், கணக்கு எண், எவ்வளவு, எத்தனை மணிக்கு, எந்த யுபிஐ முகவரிக்குப் போனது, பரிவர்த்தனைக்குரிய யுடிஆர் எண் என்ன என்று கேட்பார்கள். யுபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்கத்தில் இருக்கும். கூப்பிடுவதற்கு முன்னால் இதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பதற்றத்தில் வாய் குழறும். அவர்கள் பதிந்ததும் ஒப்புகை எண் வரும். அதை வைத்துக்கொண்டு சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற தளத்தில் 24 மணி நேரத்துக்குள் முழுப் புகாரையும் ஏற்றிவிட வேண்டும். பேங்க்குக்கும் தனியாகச் சொல்லி வையுங்கள். பணம் நிறுத்தப்பட்டாலும் மறுநாளே கைக்கு வராது. தென்காசி அண்ணனுக்குக் கோர்ட் உத்தரவு வாங்கித்தான் வந்தது, மாதக்கணக்கில் ஆனது. ஆனால் வந்தது.

போலீசுக்குப் போகவும் பயமாக இருந்தது. முதலில் போன ஸ்டேஷனில், இது இங்கே வராது, சைபர் போலீசுக்குப் போங்க என்றார்கள். இப்போதுள்ள சட்டப்படி, அதாவது 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் ஸ்டேஷனில் தகவலைப் பெற்றுக்கொள்ள வேண்டும். எனக்கு அப்போது அது தெரியாது. தெரிந்திருந்தால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வெயிலில் அலைந்திருக்க மாட்டேன். திருநெல்வேலியைப் பொறுத்தவரை மாநகர போலீஸ் தனி, மாவட்ட போலீஸ் தனி. பாளையங்கோட்டை, டவுன் பக்கம் மாநகரம். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் மாவட்டம். எந்தப் பக்கம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டால் ஒரு நாள் மிச்சம். சைபர் போலீசில் இருந்த ஒரு ஏட்டம்மா என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துத்தான் பேசினார். "உன் பெயர் கெடலம்மா, உன் பெயரைத் திருடிருக்கான், அதுக்குத் தனியா செக்‌ஷன் இருக்கு" என்றார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66சி என்பது இன்னொருவரின் அடையாளத்தைத் திருடுவது, 66டி என்பது ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது. இரண்டுக்கும் மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அப்பா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். திரும்பி வரும்போது ஜங்ஷனில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அதுவரை நாலு நாளாக அவர் என்னிடம் பேசவில்லை.

இதற்கு நடுவில் அவன் வாட்ஸ்அப்பில் மிரட்டவும் செய்தான். சாட்டில் கிடந்த குற்றாலப் படங்களை எடுத்து அசிங்கமாக மாற்றிப் போடுவேன், 8,000 அனுப்பு என்றான். அந்த வார்த்தையைப் படித்தபோது உடம்பு சில்லிட்டுப்போனது உண்மை. பணம் அனுப்பவில்லை, ஏற்கெனவே ஒருவனுக்குக் கொடுத்து ஏமாந்திருந்ததால் அந்த நேரத்தில் புத்தி வேலை செய்தது. கொடுத்தால் நிற்கமாட்டார்கள், கொடுக்கிறவள் என்று தெரிந்தால் அடுத்த வாரமும் கேட்பார்கள். அவனை உடனே பிளாக் செய்யாதீர்கள். முதலில் நம்பர், மிரட்டல், தேதி எல்லாம் தெரியும்படி படம் பிடித்து வையுங்கள், சாட்டை அழிக்காதீர்கள், அப்புறம் பிளாக் செய்யுங்கள். அந்தரங்கப் படம் ஏதாவது அவன் கையில் இருக்கிறது என்று பயந்தால் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்டாப்என்சிஐஐ என்றொரு தளம் இருக்கிறது. படத்தை அங்கே ஏற்ற வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு குறியீட்டு எண் உருவாகி, அந்த எண் மட்டும்தான் போகும். இதில் சேர்ந்திருக்கிற இன்ஸ்டாகிராம், பேஸ்புக் மாதிரியான நிறுவனங்கள் அந்தப் படம் ஏறினால் கண்டுபிடித்து நிறுத்தப் பார்ப்பார்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டேக் இட் டவுன் என்று தனியாக இருக்கிறது. 2021-ல் வந்த ஐடி விதிகளிலேயே, நிர்வாணப் படமோ மாற்றப்பட்ட படமோ ஆள்மாறாட்டமோ என்று பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் எடுக்க நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று இருந்தது. ரிப்போர்ட் பட்டனை அழுத்துவதோடு நிற்காமல், அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கும் எழுதுங்கள். என் விஷயத்தில் அவன் படம் எதுவும் போடவில்லை. ஆனாலும் பல ராத்திரி தூங்கவில்லை.

கணக்கு திரும்பியதற்கு வருகிறேன். மீட்பதற்கு ஒரு வழி வீடியோ செல்ஃபி. முகத்தை இடம் வலம் திருப்பி எடுத்து அனுப்பினால், கணக்கில் உள்ள உங்கள் படங்களோடு ஒப்பிடுவார்கள். என் பக்கத்தில் முகமே இல்லை, பாய்தான் இருந்தது. பெண்பிள்ளைகளுக்கு எல்லோரும் சொல்கிற ஒரே பாதுகாப்பு அறிவுரை முகத்தைப் போடாதே என்பது. அதை நான் தவறாமல் செய்திருந்தேன், அதனாலேயே அந்த வாசல் எனக்கு மூடியது. போடுங்கள் என்று சொல்லவில்லை. முகம் இல்லாத பக்கம் வைத்திருப்பவர்களுக்கு மெயிலும் நம்பரும்தான் அடையாளம், அவை இரண்டும் உறுதியாக இருக்க வேண்டும் என்கிறேன். கணக்கு தொடங்கியபோது கொடுத்த மெயில், நம்பர், எந்த போனில் தொடங்கினேன் என்பதையெல்லாம் திரும்பத் திரும்பக் கொடுத்து, ஒருவழியாகப் புரட்டாசி கடைசியில் கிடைத்தது. உள்ளே போனால் பாய் படங்களில் முக்கால்வாசி இல்லை. பெயர் கூட மாறியிருந்தது.

திரும்பக் கிடைத்ததும் சந்தோஷத்தில் விட்டுவிடாதீர்கள். இன்ஸ்டா செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் சென்டர் என்கிற இடத்தில் அவன் தன் மெயிலையும் நம்பரையும் விட்டுவைத்திருப்பான். என் கணக்கில் இருந்தது. அவற்றை நீக்கி, எந்தெந்த போனில் கணக்கு திறந்திருக்கிறது என்று பார்த்து எல்லாவற்றையும் வெளியேற்றி, கடவுச்சொல்லை மாற்றி, இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடுங்கள். எஸ்எம்எஸ்ஸை விட, போனிலேயே அந்த எண்ணை உருவாக்கிக் காட்டுகிற ஆத்தன்டிகேட்டர் ஆப் நல்லது. அப்போது கொடுக்கிற பேக்கப் எண்களைத் தாளில் எழுதி, சர்டிஃபிகேட் வைத்திருக்கிற கவரில் வையுங்கள். மெயிலுக்கும் இதையே செய்யுங்கள், மெயில் போனால் எல்லாம் போகும். வாட்ஸ்அப்பிலும் இரண்டடுக்கு பின் இருக்கிறது, போட ஒரு நிமிஷம் ஆகாது. ஆதார் படம், பாஸ்புக் படம் எந்த சாட்டில் கிடந்தாலும் அழியுங்கள். ஆதார் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரை ஆதார் தளத்தில் எடுத்துக் கொடுக்கலாம். என் ஆதார் படம் அவனிடம் போயிருந்ததால் கைரேகை, கருவிழி என்கிற பயோமெட்ரிக்கையும் பூட்டி வைத்திருக்கிறேன். வேண்டும்போது திறந்துகொள்ளலாம்.

பணக் கணக்கு இது. மீட்டுத் தருகிறேன் என்றவனிடம் நான் விட்டது 5,500. காலேஜ் பிள்ளையின் 5,000-ஐ டியூஷன் எடுத்துத் தவணையில் கொடுத்து முடித்தேன், கொடுக்க வேண்டியதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கு மனசு கேட்கவில்லை. அத்தான் 15,000 வரவில்லை, வழக்கு நிலுவையில் இருக்கிறது. அக்காவுக்கு அந்த ஆவணியும் ஐப்பசியும் கல்யாண ஆர்டர் பெரும்பாலும் போயிற்று. தென்காசிக் கல்யாணத்துக்குப் பாய் மட்டும் தேதிக்குப் போய்விட்டது.

புகார் கொடுக்கப் போகிறவர்கள் கையில் என்ன இருக்க வேண்டும் என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். நடந்ததைத் தேதி நேரத்தோடு ஒரு பக்கத்தில் எழுதிய மனு, இரண்டு பிரதி. ஆதார் நகல். பணம் போன நாளுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட். யுடிஆர் எண்கள். மோசடிச் செய்திகளின் பிரிண்ட், அதில் கணக்கின் பெயர் மட்டும் போதாது, அவன் பெயரை மாற்றிக்கொண்டே இருப்பான் என்பதால் அந்தப் பக்கத்தின் லிங்க்கையும் எழுதுங்கள். 1930-ல் கிடைத்த ஒப்புகை எண். இவற்றோடு எதையும் அழிக்காத உங்கள் போன், சார்ஜ் போட்டு. கொடுத்துவிட்டுச் சும்மா வந்துவிடாதீர்கள். எஃப்ஐஆர் போட்டால் அதன் நகல், போடாவிட்டால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் கொடுக்கிற சிஎஸ்ஆர் ரசீது, இரண்டில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் ஸ்டேஷனை விட்டு வர வேண்டும். பின்னால் கோர்ட்டில் பணத்தைக் கேட்கும்போது அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள்.